புதன்கிழமைத் தாள்

20.4.1982, செவ்வாய். தேர்வு நாளைத் தவறாகக் குறித்திருக்கிறேன். இரண்டாம் தாள் வியாழன் இல்லை, புதன். வீட்டில் வியாழன் என்றே சொல்லிவைத்திருக்கிறேன். இன்றே திருத்திச் சொல்ல வேண்டும்.

தங்கவேல் பேனாவை மூடுவதற்குள் உள்ளேயிருந்து அண்ணன் ராஜவேலு கூப்பிட்டான். அம்மாவுக்கு ஊட்டிய கஞ்சி இறங்காமல் கடைவாயில் வழிந்துகொண்டிருந்தது. ராஜவேலு கரண்டியைக் கீழே வைக்காமல், "அம்மாவப் பாருடா" என்றான். தங்கவேல் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். துடிப்பு இல்லை. பிறகு அந்தக் கையைப் புடவைமேல் வைத்தான்.

பகல் முழுக்க ஆட்கள் வந்தார்கள். தந்தி கொடுப்பது, பந்தல், பூ என்று எதையும் தங்கவேல் மறக்கவில்லை. தேர்வைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அவன் அரக்கோணம் பக்கத்து ஆலையில் குமாஸ்தா. வேலை விட்டதும் ரயிலேறிப் பட்டணம் போய், மாலை வகுப்பில் பணியாளர் நிர்வாகத்தில் எம்.ஏ. படித்தான். இது கடைசித் தேர்வு. விட்டால் இன்னொரு வருஷம்.

அம்மாவின் தம்பி கஜபதி கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்ததும் காரியங்களைக் கையிலெடுத்தார்.

"உங்க நைனாவுக்குப் பெரியவன் கொள்ளி வெச்சான். தாய்க்குச் சின்னவன்தான். இன்னிக்கு நெருப்பு, நாளைக்கு அவனே பால் தெளிக்கணும். வியாழக்கிழமை பரிட்சைக்குப் போவட்டும். இன்னாப்பா, சரிதானே?"

எல்லோரும் தலையாட்டினார்கள். தங்கவேலும் ஆட்டினான்.

பொழுது சாயத் தொடங்கியதும் நாவிதர் கிண்ணத்தில் தண்ணீரோடு வாசலில் உட்கார்ந்தார். அடுத்த தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தங்கவேல் சட்டையைக் கழற்றி மடித்தான். பிரித்து மறுபடி மடித்தான்.

"மாமா, பரிட்சை நாளைக்கு."

"வியாழக்கெழமைன்னியே?"

"தப்பா சொல்லிட்டேன்."

"தாய் செத்த அன்னிக்குத்தான் தப்பு தெரிஞ்சிதா? ஊர்ல கீறவன்லாம் நம்ம கோயில் மலைக்கு வந்து மொட்டை போட்டுக்கினு போறான். உனக்கு முடி பெரிசா போச்சி!"

"முடிக்காக இல்ல மாமா. நாளைக்கு பால் தெளிக்க நான் இருக்கமாட்டேன்."

பாடையருகே நின்ற ராஜவேலு வந்து நாவிதர் முன்னால் உட்கார்ந்தான். துண்டை மடியில் விரித்துக்கொண்டான்.

"எய்ந்திருடா. மொறைன்னு ஒண்ணு கீது" என்றார் கஜபதி.

"எனக்கும் அவ தாய்தான் மாமா."

நாவிதர் கஜபதியைப் பார்த்தார். அவர் வேறுபக்கம் திரும்பிக்கொண்டதும் தண்ணீரைத் தொட்டு ராஜவேலுவின் தலையில் தேய்த்தார். இரண்டு வருஷமாக அம்மாவுக்கு ஊட்டியதும் துணி மாற்றியதும் ராஜவேலுதான். தங்கவேல் வீடு திரும்பும்போதெல்லாம் அவள் தூங்கியிருப்பாள். அண்ணன் விட்டுக்கொடுத்தானா, எடுத்துக்கொண்டானா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. சட்டையை மறுபடி மாட்டிக்கொள்வதா வேண்டாமா என்றும் தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு ஊர்வலத்தின் பின்னால் நடந்தான்.

திரும்பி வந்து குளித்த பிறகு இருவரும் விளக்கருகே உட்கார்ந்தார்கள்.

"இது படிச்சி முடிச்சா இன்னா வேலைடா?" என்றான் ராஜவேலு.

"ஆலையில ஆளுங்களோட குறையக் கேக்கறதுணா."

"ஒவ்வொருத்தனாவா?"

"ஆங்."

"கூப்ட்டு ஒக்கார வெச்சி?"

"ஆங்ணா."

ராஜவேலு மழித்த தலையைத் துண்டால் ஒருமுறை துடைத்தான். "நல்ல வேலைதான்" என்றுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

தங்கவேல் பேனாவைத் திறந்தான்.

நாளை: அண்ணன் பால் தெளிக்கப் போகிறான். எனக்கு முதல் ரயில், இரண்டாம் தாள்.