சிக்னலில் அணையாத இன்ஜின்

முப்பதாம் தேதிக்குள் ஒரு காராவது விற்காவிட்டால் என்னை வெள்ளகோவில் கிளைக்குத் தூக்கியடிப்பதாக மேனேஜர் சொல்லிவிட்டார். என் மனைவி இனியாவுக்குப் போத்தனூரில் பள்ளிக்கூட வேலை. குழந்தைக்கு நாலு மாதம். வாரத்துக்கு ஒரு நாள் விருந்தாளி மாதிரி வந்து எட்டிப் பார்க்கிற அப்பனாக இருக்க எனக்கு இஷ்டமில்லை. இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் வெங்கடபதி ஐயாவும் அவர் மனைவி ரங்கம்மாளும் ஷோரூமுக்குள் வந்தபோது, ஓடிப்போய்க் கதவைத் திறந்தவன் நான்தான்.

ஐயா மில் முதலாளி. பதினெட்டு வருடமாக ஒரே டீசல் வண்டி. அது வருவது அடுத்த தெருவுக்கே கேட்கும். டெஸ்ட் டிரைவுக்கு அவரே ஓட்டினார். பக்கத்தில் நான், பின்சீட்டில் அம்மா.

"இது பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் வண்டிங்க ஐயா. சிக்னல்ல நின்னீங்கன்னா இன்ஜின் தானா அணைஞ்சுக்கும். சத்தமே இருக்காதுங்க."

இருந்த சிக்னலையெல்லாம் எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்திருக்கிற இந்த ஊரில், நிற்பதற்கு ஒரு சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. சிங்காநல்லூரில் ஒன்று அகப்பட்டது. நின்றோம். இன்ஜின் பாட்டுக்கு உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அணையலீங்களே தம்பி?"

"புது வண்டிங்க ஐயா. கொஞ்சம் வெக்கப்படுது."

அடுத்த சிக்னலிலும் அதே கூத்து. வேகத்துக்கான பவர் மோடில் கிடக்கிறதோ என்று பார்த்தேன், இல்லை. பேட்டரியில் முக்கால்வாசி சார்ஜ் இருந்தது. ஐயா ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டிருக்கிறாரோ என்று குனிந்து எட்டிப் பார்த்தேன்.

"ஏனுங்க தம்பி, ஏதாச்சும் உழுந்துபோச்சுங்களா?"

"இல்லீங்க ஐயா. உங்க செருப்பு நல்லா இருக்குதுங்க."

போதாக்குறைக்கு வண்டிக்குள் ஒரே வேக்காடு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஏசியை அவர்தான் கிளம்பும்போதே திருகி வைத்தார். பெரிய மனுஷருக்குச் சூடுதான் பிடிக்கும்போலிருக்கிறது, அதில் நாம் எப்படிக் கை வைப்பது?

"ஏசி சௌரியமா இருக்குதுங்களா ஐயா?"

"ஜம்முன்னு இருக்குதுங்க," என்றார், மூக்கு நுனியில் தொங்கிய வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

"அம்மாவுக்குங்க?"

"நல்லா இருக்குது கண்ணு." அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

மானம் போனாலும் பரவாயில்லை என்று எங்கள் ஒர்க்‌ஷாப் டெக்னீஷியன் ரிஃபத்துக்குப் போன் போட்டு, இன்ஜின் அணையாததைச் சொன்னேன். பாழாய்ப்போன போன், அவன் குரலை வண்டி ஸ்பீக்கரிலேயே அலறவிட்டது.

"ஹீட்டர் போட்டிருக்கியாடா ரூபன்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வெளிய முப்பத்தேழு டிகிரி அடிக்குது. எந்தக் கிறுக்கனாச்சும் ஹீட்டர் போடுவானாடா?"

வெங்கடபதி ஐயா மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"நான்தானுங்க போட்டேன்."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டில் டிபன் பாக்ஸோடு நான் நிற்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

"கெளம்பயில நீங்க ரெண்டு தும்மல் போட்டீங்க. தம்பிக்குக் குளுரு ஒத்துக்கலையாட்ட இருக்குதுன்னு சூட்டுப் பக்கம் திருகியுட்டேன்."

"மன்னிச்சுப்போடுங்க ஐயா. எனக்குச் சூடுதானுங்க ஆகாது."

"எனக்கு மட்டும் ஆகுமுங்களா? உங்களுக்காவத்தான் வெந்துட்டு இருக்கறேன்."

"நல்லா இருக்குதே நாயம்!" என்றார் பின்னாலிருந்து அம்மா. "ரெண்டு பேருக்கும் இதுதான் சொகமாட்ட இருக்குதுன்னு நான் கம்முனு உக்காந்திருக்கறேன்."

ரிஃபத் ஸ்பீக்கர் அதிரச் சிரித்தான். "ஹீட்டருக்கு வேண்டிய சூடு இன்ஜின்ல இருந்துதான்டா வருது. அப்பறம் அது எப்படி அணையும்? ஏசிய இருபத்துநாலு டிகிரில வெச்சுட்டு ஓட்டு."

வைத்தோம். அடுத்த சிக்னலில் வண்டி நின்றது, இன்ஜினும் அணைந்தது. பக்கத்து ஆட்டோக்காரர் கொட்டாவி விட்டதுகூடக் காதில் விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏனுங்க," என்றார் அம்மா பின்னாலிருந்து. "எனக்குக் காரு ஓட்டக் கத்துக்குடுங்க."

ஐயா திடுக்கிட்டுத் திரும்பினார். "என்ன திடீர்னு?"

"திடீர்னா? நம்ம வண்டில ஏறுற போதெல்லாம் சொல்லிட்டுத்தான் வாரேன். அந்தச் சத்தத்துல உங்களுக்கு எங்க கேட்டுது?"

ஐயா என் பக்கம் குனிந்தார். "தம்பி, டீசல்லயே ஏதாச்சும் காட்டறீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் பச்சை விழ, இனி சத்தம் வந்துவிடும் என்ற நம்பிக்கையோடு ஐயா வண்டியை மெல்ல நகர்த்தினார். அப்போதும் இன்ஜின் வாயைத் திறக்கவில்லை.

"இதென்னுங்க, கெளம்பியும் சத்தத்தக் காணோம்?"

"மெதுவாப் போனா பேட்டரியிலயே போகுமுங்க ஐயா," என்றேன். சத்தியமாக அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இரக்கமே வரவில்லை.

"அப்ப மெதுவாவே போங்க, இன்னும் நெறைய பேச வேண்டியிருக்குது," என்றார் அம்மா. "ரூபன் தம்பி, இதையே எடுத்துக்கறோம். வண்டிய எம்பேர்ல எழுதிக்குங்க."