நான்காம் எண்: பாஸ்கல், அம்பத்தூர்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதை எழுதுவதற்காக நான் உட்காரவில்லை. பினாங்கிலிருந்து ஒருவர் ஒரே வரியில் ஒரு கேள்வி கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பதிலும் ஒரே வரியில் போயிருக்க வேண்டும். மூன்று நாளாக முயல்கிறேன், அந்த ஒரு வரி வருவேனா என்கிறது. வருவதெல்லாம் கதைதான். கேள்வி என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் பதிலைத் தேடி நேராகக் கடைசிப் பக்கத்துக்கு ஓடிவிடுவீர்கள். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

தொடக்கம், முதல் வரைவு: அம்பத்தூர் மேனாம்பேட்டில் அன்று மழை கொட்டிக்கொண்டிருந்த

(வேண்டாம். அன்று சுள்ளென்று வெயில். சோகம் வேண்டுமென்றால் மழையை வரவழைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.)

இரண்டாம் வரைவு: தேவன் நடத்தும் வழிகள் மனிதருக்கு

(இப்படி ஆரம்பித்தால் பிரசங்கம் என்று நினைத்து எழுந்து போய்விடுவீர்கள்.)

மூன்றாம் வரைவு: 1999 டிசம்பர் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஞானகுமாரி அம்பத்தூர் ஓ.டி. பகுதியில் சம்பத்தின் பிரவுசிங் சென்டர் படியில் ஏறினாள். பின்னாலேயே அவள் தம்பி பாஸ்கல், கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு.

இதுவே இருக்கட்டும். கடலைகூட உண்மை.

2

ஞானகுமாரி ஏன் அங்கே போனாள்? அதற்கு இரண்டரை வருடம் பின்னால் போக வேண்டும்.

1997இல் அவள் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்ட். ஆபீசில் மின்னஞ்சல் இருந்தது. மேலாளர் கண்டும் காணாமல் விட்ட மதிய இடைவேளையில், ‘வெள்ளி ஜெப வட்டம்’ என்று ஒன்றில் அவள் சேர்ந்தாள். முப்பது பேர். எல்லோரும் தமிழர்கள், ஆளுக்கொரு நாட்டில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. நடத்தியவர் வேதமுத்து, பினாங்கில் ஒரு கப்பல் அலுவலகக் குமாஸ்தா. வெள்ளிதோறும் காலையில் எண் போட்டு ஒரு பட்டியல் அனுப்புவார். நம் ஊர் நேரம் பன்னிரண்டரைக்கு முப்பது பேரும் இருந்த இடத்திலேயே அந்தப் பெயர்களை வாசித்து ஜெபிப்பார்கள். பிறகு ஆளுக்கு ஒரு சொல் எழுதிப் போடுவார்கள்: ‘இருக்கிறேன்.’

(எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். உங்கள் கண்ணுக்கு இரக்கப்பட்டு நான் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.)

வட்டத்தில் ஒரே ஒரு விதி. பட்டியலில் பெயர் கொடுத்தவரே ‘நிறைவேறியது, ஸ்தோத்திரம்’ என்று எழுதும்வரை அந்தப் பெயரை எடுக்கக் கூடாது.

அந்த ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை பாஸ்கல் அப்பாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போனான். மறுநாளே ஞானகுமாரி அவன் பெயரைக் கொடுத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை, ஒன்பதாம் நாள், அவன் திரும்பி வந்துவிட்டான். வீடே அமர்க்களப்பட்டது. அம்மா கத்தோலிக்கர், அப்பா புராட்டஸ்டன்ட். இரண்டு கோயிலிலும் நன்றி சொன்னார்கள். தெருவுக்கே சொன்னார்கள். பால்காரருக்கும் சொன்னார்கள்.

வட்டத்துக்கு மட்டும் சொல்லவில்லை. திங்கட்கிழமை எழுதலாம் என்று இருந்தாள். திங்கட்கிழமை கம்பெனியை ஓசூருக்கு மாற்றுவதாகச் சொல்லிக் கம்ப்யூட்டர்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கல்யாணம், அப்புறம் குழந்தை, அப்புறம் ‘இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு’ என்கிற வெட்கம். நாம் எல்லோரும் இப்படித்தான், இல்லையா?

3

“லைன் கெடைக்க நேரமாவும்கா. ஒரு டீ சாப்ட்டு வாங்க” என்றான் சம்பத்.

“பரவால்ல, நான் இங்கியே கீறேன்” என்றாள் அவள். இரண்டரை வருடம் தள்ளிப்போட்ட சேதியை இன்றாவது எழுதிவிட வந்தவளுக்கு இப்போது இரண்டு நிமிடம் பொறுக்கவில்லை. மோடம் கோழியைப் பிடித்ததுபோல் கத்தி அடங்கியது. வட்டத்தின் பழைய கடிதங்களை எல்லாம் ஒரு பக்கத்தில் சேர்த்துவைத்திருந்தார்கள். அன்று காலைப் பட்டியல் மேலேயே இருந்தது.

ஞானகுமாரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“டேய்… நீ இன்னும் வரலியாம்டா.”

“இன்னாக்கா சொல்ற?”

“நீயே பாரு.”

4. பாஸ்கல், அம்பத்தூர் — வீடு திரும்ப.

வீட்டுக்கு வந்து எட்டு கிலோ ஏறியிருந்த பாஸ்கல் கடலையை மெல்லுவதை நிறுத்தினான். பிறகு சிரிப்பு வந்தது அவனுக்கு. நூற்று முப்பது வெள்ளிக்கிழமை! இவன் மதியச் சோறு தின்றுகொண்டிருந்த நேரத்தில், இவன் வீடு வந்து சேர வேண்டும் என்று முப்பது பேர் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கடிதத்தைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மஸ்கட்டில் நர்சாக இருக்கும் லூர்தம்மாள் எழுதியிருந்தார்: ‘பாஸ்கல் தம்பி வீடு சேரும்வரை காபி தொடமாட்டேன் என்ற பொருத்தனையில் இன்னும் நிற்கிறேன். இன்றைக்கு வார்டில் யாரோ ஊரிலிருந்து வந்த பொடியில் காபி போட்டார்கள். வெளியே போய் நின்றுகொண்டேன்.’

“ஐயையோ, அந்தக்கா ரெண்டரை வருசமா காப்பி குடிக்கலடா! என்னாலடா!”

பட்டியலில் அடுத்த எண்:

5. ஆனந்தன், என் மகன் — வீடு திரும்ப. வேதமுத்து.

அதன் கீழே அவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். ‘பாஸ்கலும் ஆனந்தனும் ஒரே மாதத்தில் போனவர்கள். இருவரும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனாலும் இரண்டரை வருடம் ஆகிவிட்டது. விதியை மீறி இரண்டு பெயரையும் அடுத்த வாரம் எடுத்துவிடலாமா? என் நெஞ்சில் தெம்பு இல்லை. வட்டத்தார் இன்றே சொல்லுங்கள்.’

மணி பதினொன்று நாற்பது.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். பாஸ்கல் என்ற இந்தப் பாத்திரம் ஒட்டவில்லை. முந்தைய வரைவுகளில் அவனைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தியிருந்தேன். ஒன்றில் அநியாயத்தை எதிர்த்து வீட்டைவிட்டுப் போனான். இன்னொன்றில் கனவு கண்டு, விழித்தெழுந்து, மனம் திருந்தி

(அடித்துவிட்டேன். அப்படியெல்லாம் பெரிய ஆள் இல்லை அவன்.)

நடந்தது இதுதான். அவன் அக்காவைப் பொய் சொல்லச் சொன்னான்.

“இன்னிக்குத்தான் வந்தான்னு போட்டுடுக்கா.”

“பொய்யா? அவரு உனக்காக இத்தினி நாளு முட்டி போட்டுக்கினு கீறாரு. அவராண்ட போயி பொய்யா?”

“நெசத்த சொன்னா ஒடிஞ்சிடுவாரு. ஒம்போது நாள்ல இவங்க ஊட்டுப் புள்ள வந்துட்டான், எம்புள்ள வரலியேன்னு. இத்தினி வருசம் கழிச்சும் வருவானுங்கன்னு தெரிஞ்சா அவருக்குத் தெம்பு வருமில்ல?”

அவன் சொன்னதில் அன்பு இருந்தது, அதனால்தான் ஞானகுமாரியால் திட்ட முடியவில்லை. எழுத ஆரம்பித்தாள், அழித்தாள். ‘என்னை மன்னித்து மறுபடி’, அழித்தாள். பிறகு சட்டென்று நாற்காலியைவிட்டு எழுந்தாள்.

“லிஸ்ட்ல என் பேரா கீது? உம் பேருதான கீது? குந்து. நீயே எழுது.”

இங்கே கதைக்கு மூன்று முடிவுகள் கையில் இருந்தன. பாஸ்கல் பொய்யை எழுதுகிறான். அல்லது உண்மையை எழுதுகிறான். அல்லது லைன் போய்விடுகிறது, நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள் என்று நான் கை கழுவுகிறேன். மூன்றாவது எனக்குச் சௌகரியம். ஆனால் அன்றைக்குப் பார்த்து லைன் போகவே இல்லை.

அதனால் சொல்லிவிடுகிறேன். இத்தனை நேரம் ‘அவன்’ என்று சொல்லிவந்தவன் நான்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தது நான். பாஸ்கல், அம்பத்தூர், நான்காம் எண்.

5

பொய்யைத்தான் எழுத நினைத்தேன். ஆனால் அந்த முப்பது பேரில் ஒருவர்கூட நான் நல்லவனா என்று கேட்கவில்லை. வந்தால் போதும் என்று கேட்டவர்கள். அவர்களிடம் ஒரு தேதியைத் திருத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

‘நான் பாஸ்கல். வீட்டில் இருக்கிறேன். போன ஒன்பதாம் நாளே வந்துவிட்டேன். சொல்ல மறந்துவிட்டோம். மன்னியுங்கள். லூர்து அக்கா, தயவுசெய்து காபி குடியுங்கள்.’

அனுப்பியபோது மணி பன்னிரண்டு இருபது. பன்னிரண்டரைக்குப் பதில்கள் வந்து கொட்டின. அல்லேலூயா, ஸ்தோத்திரம், அடப்பாவி (இது சிட்னியிலிருந்து), மறுபடி ஸ்தோத்திரம். ‘ஞானம், நீ இருக்கிறாயா?’ என்று ஏழு பேர் கேட்டார்கள். ஒருவரும் கோபிக்கவில்லை. அக்கா எழுந்து நின்றபடியே ஒற்றை விரலால் ‘இருக்கிறேன்’ என்று அடித்தாள். அழுகையும் சிரிப்புமாக அவள் நின்ற நிலையைப் பார்த்து, சம்பத் யாருக்கோ வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்து எங்களுக்கு டீ சொன்னான்.

வேதமுத்துவிடமிருந்து மட்டும் பதில் இல்லை. நான் அவரை ஒடித்துவிட்டேன் என்றே முடிவு செய்தேன். அடுத்த நாள் சாயங்காலம் எனக்குத் தனியாக ஒரு வரி வந்திருந்தது. முதலில் சொன்னேனே, அந்தக் கேள்வி:

‘தம்பி, எது உன்னைத் திரும்ப வர வைத்தது? அதையே இனி அவனுக்கும் கேட்போம்.’

6

ஐயா, இதுதான் பதில். அழகாக இருக்காது.

பெங்களூரில் ஒரு லேத் பட்டறையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் மத்தியானம் பக்கத்து ஃபேக்டரியில் சைரன் ஊதியது. எங்கள் எஸ்டேட் சைரன் மாதிரியே இருந்தது. நான் எழுந்துவிட்டேன். என் கை பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, அப்பாவின் டிபன் கேரியரைத் தேடுகிறேன் என்று. ஆறு வருடமாகச் சைரன் ஊதும் நேரத்துக்கு ஃபேக்டரி கேட்டில் அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அவரிடம் எனக்கிருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அவருக்கு இன்றைக்கு யார் சோறு கொண்டுபோயிருப்பார்கள் என்ற கேள்வியோடு பட்டறையைவிட்டு வெளியே வந்தேன். லாரி ஏறினேன். சென்னைக்கு வெளியே நசரத்பேட்டையில் இறக்கிவிட்டார்கள். மீதி தூரம் நடந்தேன்.

(அது வெள்ளிக்கிழமை, சைரன் ஊதியது பன்னிரண்டரைக்கு. இதை எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதினால் ஜோடித்தது என்பீர்கள். எழுதாவிட்டால் நான் மறைத்தவன் ஆவேன்.)

இதுவரை எழுதியதை அவருக்கு அனுப்பிவிட்டேன். இப்போது இந்த வாரப் பட்டியலும் வந்துவிட்டது. நான்காம் எண் எதிரே ஸ்தோத்திரம். ஐந்தாம் எண்ணை அவர் எடுக்கவில்லை. ‘ஆனந்தன் — அவன் கை எதையாவது தேட’ என்று மாற்றியிருக்கிறார்.

ஆனந்தனுக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவன் வந்துவிடுகிறான். மூன்றையும் கிழித்துவிட்டேன். அவன் வராதபோதே வந்துவிட்டான் என்று நான் எழுதினால் அதுவும் ஒரு தேதியைத் திருத்துவதுதான்.

ஆகவே படிக்கிற உங்களிடம் விடுகிறேன். உங்களில் ஒருவன் ஆனந்தனாக இருந்தால், ஒன்றே ஒன்று. தம்பி, வீடு போய்ச் சேர்ந்ததும் உடனே சொல்லிவிடு. எங்களைப் போல் மறந்துவிடாதே. மஸ்கட்டில் லூர்து அக்கா சனிக்கிழமை இரண்டு தம்ளர் காபி குடித்தாராம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உனக்காக மறுபடி நிறுத்திவிட்டார்.