பையும் பைக்குள் இருந்ததும்

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் வீட்டில் சொல்லாத ஆள் கிடையாது. வேலை செய்யும் இடத்திலும் அதே பேச்சுதான். இருக்கட்டும். அன்றைக்கு மட்டும் அந்த வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றிருந்தால் எனக்கு ஒரு கேஸ்கூட வந்திருக்காது. திறந்தேன், இரண்டு வந்தது.

அம்மாவுக்குப் புதுப் படுக்கை விரிப்பு வாங்க நானும் தங்கச்சியும் அந்தப் பெரிய கடைக்குப் போயிருந்தோம். தங்கச்சியை வீட்டில் சின்னது என்றுதான் கூப்பிடுவோம். ஒரு பிள்ளை பெற்ற பிறகும் அவள் சின்னதுதான், நான் பெரிசுதான். அவள் புருஷன் வெளியூரில் வேலை தேடுகிறேன் என்று போனவன், போனவன்தான். அதிலிருந்து கைக்குழந்தையோடு எங்களிடம் இருக்கிறாள். நான் ஒரு சட்டை கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வந்த சட்டையில் நூல் பிசிறு வெட்ட வேண்டும், பொத்தான் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கூடுதலாக ஒரு பொத்தானைச் சின்னப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டையோடு மாட்டிவிட வேண்டும். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த வேலையில்தான்.

பில் போட வரிசையில் நின்றபோது சின்னது என் முழங்கையை இடித்தாள்.

"அக்கா, பாப்பா சாமான்லயே என் பை நிரம்பிடுச்சு. இதைக் கொஞ்சம் உன் பையில போட்டுக்கோயேன்."

ஜிப் வைத்த துணிப்பை ஒன்று. குழந்தையின் துணிமணி வைத்திருப்பாள் என்று நினைத்தேன். நினைத்தேனா? நினைக்கக்கூட இல்லை. தங்கச்சி கொடுத்தாள், வாங்கிப் போட்டுக்கொண்டேன். விரிப்புக்குப் பணம் கட்டிவிட்டு வாசலைத் தாண்டினோம். கதவோரத்து மெஷின் ஊரைக் கூட்டியது.

காவலுக்கு நின்ற பெண் எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மூலையில் தரை துடைக்கிற வாளி. துணிப்பையைத் திறந்து கொட்டினாள். முகத்துக்குப் போடும் கிரீம் டப்பாக்கள், ஒரு சென்ட் பாட்டில். திருட்டைப் பிடிக்கக் கடையில் மாட்டுகிற டேக்கெல்லாம் அறுபட்டிருந்தது. சென்ட் பாட்டிலுக்கு அடியில் இன்னொரு டேக் ஒட்டியிருந்தது அறுத்தவள் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. அப்புறம் என் பையைக் கவிழ்த்தாள். நான் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்தரி வந்து விழுந்தது. அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"அடேங்கப்பா! அறுக்கறதுக்குக் கத்தரியோடயே வந்திருக்கீங்க."

"ஐயோ, அது என் வேலைக் கத்தரிம்மா. கம்பெனில நூல் வெட்டறது."

"ஆமா ஆமா. அங்க நூலு, இங்க டேக்கு."

நான் சின்னதைப் பார்த்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவை ஒட்டி நின்றாள். உதடு வெளுத்துப் போயிருந்தது. "அக்கா" என்று வாயை மட்டும் அசைத்தாள். சிறுக்கி, வீட்டுக்குப் போனதும் உன்னை வைத்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் கறுவினேன். ஆனாலும் அந்தப் பிள்ளை இன்னும் பால்குடி மறக்கவில்லை. நாலு திட்டு திட்டுவார்கள், அபராதம் கட்டச் சொல்வார்கள், கட்டிவிட்டுப் போகலாம். அதுதான் என் புத்தியில் ஓடியது.

"நான்தான் எடுத்தேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"இந்தத் துணிப்பை?"

"அதுவும் என்னுதுதான்."

சின்னது பெருமூச்சு விட்டாள். எனக்குக் கேட்டது. அதற்குள் அந்தக் காவல்காரி துணிப்பையின் உள்பக்கத்து ஜிப்பைத் திறந்துவிட்டாள். ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு வெளியே வந்தது. அத்தனையும் பொத்தான் கவர். ஒவ்வொரு கவரிலும் மாத்திரை.

அந்தக் கவரை ஒட்டினது என் கை. முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அம்மா வலி மாத்திரை சாப்பிடுகிறாள். பொல்லாத மாத்திரை, டாக்டர் சீட்டு இல்லாமல் எங்கேயும் தரமாட்டார்கள். போட்டாளா இல்லையா என்று அவளுக்கே ஞாபகம் இருக்காது, மறந்துபோய் இரண்டாம் முறை போட்டுவிடுவாள். அதனால் கம்பெனியில் கழித்துப்போடும் பொத்தான் கவரைக் கொண்டுவந்து வேளைக்கு ஒன்றாகப் பிரித்து ஒட்டி, அவள் தலைமாட்டில் ஒரு டப்பாவில் வைப்பேன். கவர் காலியானால் போட்டாயிற்று என்று அர்த்தம்.

"பாப்பா அழறாக்கா, நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள் சின்னது. பாப்பா அழவே இல்லை. போகிறபோது அந்தப் படுக்கை விரிப்பை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

போலீஸ் வந்தது. என்னை ஸ்டேஷனில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில், வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற வக்கீலம்மா ஒருவர் வந்தார். சின்ன வயசு. ஜலதோஷம் வேறு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினார்.

"உங்க மேல ரெண்டு கேஸ் இருக்கு. புரியற மாதிரி சொல்றேன், நடுவுல பேசாதீங்க. ஒண்ணு கடைத் திருட்டு. பொருள் விலை கம்மி, நீங்க இதுவரைக்கும் எந்தத் தப்புலயும் மாட்டினதில்ல. சாதாரணமா அபராதத்தோட முடிஞ்சிடும். ஆனா கத்தரி இருக்கு பாருங்க. ஏதோ ஞாபக மறதியில பையில போட்டுட்டேன்னு சொல்ல வழியில்ல. திட்டம் போட்டு, டேக் அறுக்க ஆயுதத்தோட வந்தாங்கன்னு எழுதியிருக்காங்க."

"ஆயுதமா! அதுல ஒரு நகத்தை வெட்ட முடியாது மேடம்!"

"நடுவுல பேசாதீங்கன்னேன். அது லேசான கேஸ்தான். இன்னொண்ணுதான் பயமா இருக்கு. இந்த மாத்திரை டாக்டர் யாருக்கு எழுதிக் குடுத்தாரோ அவங்க கையில இருந்தா மருந்து. வேற ஒருத்தர் பையில இருந்தா சட்டத்துக்கு அது போதைப்பொருள்."

"எங்கம்மா மாத்திரை மேடம் அது."

"யார் அம்மாவா இருந்தாலும். சரி, வெச்சிருந்தது ஒரு குற்றம். விக்கறதுக்காக வெச்சிருந்தா அது வேற குற்றம், ரொம்பப் பெரிசு. வருஷக்கணக்குல உள்ள இருக்கணும்."

"நான் யாருக்கு வித்தேன்? யாராவது பார்த்தாங்களா?"

"பார்க்கணும்னு அவசியமில்ல. எப்படி வெச்சிருந்தீங்கங்கறதை வெச்சே முடிவு பண்ணுவாங்க. மருந்துக் கடை டப்பாவோட இருந்தா சொந்த உபயோகத்துக்குன்னு வாதாடலாம். சின்னச் சின்னக் கவர்ல, அளவா, பிரிச்சுப் பிரிச்சு இருந்தா? வியாபாரத்துக்குன்னுதான் எடுத்துப்பாங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அம்மா இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருக்கட்டும் என்று உட்கார்ந்து ஒட்டின கவர், எனக்கே பாடை கட்டுகிறதே!

வக்கீலம்மா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். "எதுக்குங்க பை உங்களுதுன்னு ஒத்துக்கிட்டீங்க?"

"தங்கச்சிங்க."

"திருட்டை மட்டும் ஏத்துக்கறேன், மாத்திரை வேண்டாம்னு சொல்ல முடியாதே. பை உங்களுதுன்னா உள்ள இருக்கறது எல்லாமே உங்களுதுதான். இப்ப மாத்திச் சொன்னா, மாட்டினவங்க எல்லாரும் மறுநாள் இப்படித்தான் சொல்வாங்கம்பாங்க. நீங்க சொல்றதை ஆமான்னு சொல்ல இன்னொருத்தர் வேணும்."

"எங்கம்மா இருக்காங்க." யோசிக்கவே இல்லை, அப்படியே சொன்னேன். "கவர்ல எதுக்குப் போடறேன்னு அவங்களுக்குத் தெரியும். வீட்டுல அவங்க தலைமாட்டுலேர்ந்து யார் எடுத்திருப்பான்னும் தெரியும். எங்கம்மா வந்து சொல்வாங்க."

"நிஜத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்க. ஏன்னா அவங்களே எடுத்து யாருக்காவது குடுத்திருந்தா, காசே வாங்காம குடுத்திருந்தாலும், அவங்களும் குற்றவாளிதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அவங்களா? வலி தாங்காம விடிய விடிய முனகற மனுஷி மேடம். ஒரு மாத்திரை கீழ விழுந்தாலே தேடச் சொல்வாங்க."

பொய்யில்லை. கொஞ்ச மாதமாக அம்மாவுக்கு வலி ரொம்ப அதிகமாகியிருந்தது. படுத்தால் முனகல், திரும்பினால் முனகல். நான் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு டாக்டரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். இந்த அளவு போதவில்லை, மனுஷி துடிக்கிறாள், கூட்டி எழுதுங்கள் என்று மேஜையைத் தட்டாத குறை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கூட்டி எழுதினார். அப்படியும் முனகல் நிற்கவில்லை.

மத்தியானம் அம்மா வந்தாள். கையில் பிடித்து நடக்கிற கம்பி ஸ்டாண்டை முன்னால் வைத்து வைத்து, சுவரோரமாக. நான் பிடிக்க எழுந்தேன், உட்காரச் சொல்லி அதட்டினார்கள். எதிரே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"சாப்பிட்டியாடி?"

அதுவரைக்கும் எனக்கு அழுகை வரவில்லை. அதைக் கேட்டதும் வந்துவிட்டது. வக்கீலம்மா அதிகாரியைக் கூட்டிவர எழுந்து போனார். அவர் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மா முன்னால் குனிந்தாள்.

"பெரிசு, கோவப்படாம கேளு. அந்த மாத்திரையை நான்தான் அவளுக்குக் குடுத்தேன்."

"எந்த மாத்திரையை?"

"என்னுதைத்தான். அவளுக்குத் தெரிஞ்ச யாரோ வாங்கிக்கறாங்களாம். அவளுக்கும் கைச்செலவுன்னு இருக்குல்ல? உங்கிட்ட கேட்டா நீ ஆயிரம் கேள்வி கேப்ப."

"எப்பலேர்ந்துமா?"

"அவ புருஷன் போனதுலேர்ந்து."

"அப்ப நீ முனகினதெல்லாம்?"

"வலிச்சுது, முனகினேன்."

வேறெப்படிச் சொல்வது என்பதுபோல் சொன்னாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கொடுத்து என் உள்ளங்கை சிவந்து கிடந்திருக்கிறது. டாக்டர் கூட்டி எழுதினது எல்லாம் என் தங்கச்சிக்குச் சரக்கு. நான் வீட்டில் உட்கார்ந்து அளவு பார்த்துப் பொட்டலம் போட்டுக் கொடுத்திருக்கிறேன், கூலி இல்லாத ஆள். தாயும் மகளும் அதை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்திருக்கிறார்கள்.

"ஆபீசர் வந்தா மாத்திரை காணாமப் போச்சு, பெரியவதான் எடுத்திருப்பான்னு சொல்லிடறேன்" என்றாள்.

"என்னம்மா பேசற நீ? நான் வருஷக்கணக்குல ஜெயில்ல கிடக்கணும், தெரியுமா?"

"அவளுக்குக் கைப்பிள்ளை இருக்குடி. அவ ஒரு நாள் தாங்க மாட்டா." என் கையை எடுத்துத் தடவினாள். "நீ தாங்குவ. எதையும் தாங்குவ. உனக்கென்ன, புருஷனா, பிள்ளையா?"

நீ தாங்குவ. அப்பா செத்தபோது இதைத்தான் சொன்னாள். என் படிப்பை நிறுத்தியபோது இதைத்தான் சொன்னாள். எனக்கு வந்த ஒரே வரனைத் தட்டிவிட்டுச் சின்னதுக்கு முடித்தபோதும் இதைத்தான் சொன்னாள். நானும் மடச்சி மாதிரி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்திருக்கிறேன்.

அதிகாரி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வக்கீலம்மா என் பக்கத்தில் நின்றார். அம்மா, வெளியாட்களிடம் பேசுகிற அந்த மெல்லிய குரலை எடுத்தாள்.

"என் மாத்திரை அடிக்கடி காணாமப் போகும் சார். நான் வலியில கிடந்து துடிப்பேன். மாத்திரை எல்லாம் இந்தப் பெரிய பொண்ணு கையிலதான் சார் இருக்கும். டாக்டர்கிட்ட சண்டை போட்டு ஜாஸ்தியா எழுதி வாங்கினதும் இவதான்."

கடைசியில் சொன்னதை என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதையும் சேர்த்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை. வக்கீலம்மா மூக்கை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, உங்கம்மா சொல்றது சரியா?" அதிகாரி கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் பயம் இருந்திருந்தால் ஒருவேளை நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். வெட்கம் துளி இருந்திருந்தாலும் போதும். அவள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று ஸ்டாண்டில் ஒரு கையை வைத்துவிட்டாள்.

"பொய் சார்" என்றேன்.

அப்புறம் நிற்கவில்லை. துணிப்பை தங்கச்சியுடையது, கடை வரிசையில் என்னிடம் கொடுத்தாள், அங்கே மேலே கேமரா இருக்கிறது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று போட்டுப் பாருங்கள். எடுத்தது நான் என்று சொன்னது அவளைக் காப்பாற்ற. மாத்திரையை அவளுக்குக் கொடுத்தது இதோ உட்கார்ந்திருக்கிற இவர்கள், தன் கையாலேயே, மாதக்கணக்கில். வாங்குகிறது யார் என்று எனக்குத் தெரியாது, தங்கச்சியின் போனை வாங்கிப் பாருங்கள், தெரியும்.

வக்கீலம்மா என் தோளைத் தொட்டார். "ஒரு நிமிஷம். இப்படிச் சொன்னா உங்கம்மா மேலயும் கேஸ் வரும். புரியுதா?"

"காலையில நீங்கதானே மேடம் சொல்லிக் குடுத்தீங்க? காசு வாங்காம குடுத்தாலும் குற்றம்னு. புரிஞ்சுதான் சொல்றேன்."

"அடிப்பாவி!" அம்மாவின் மெல்லிய குரல் எங்கேயோ போய்விட்டது. "பெத்தவளையே காட்டிக் குடுக்கறியேடி! நீ நல்லா இருப்பியா? உருப்படுவியா நீ?"

கம்பி ஸ்டாண்டு சரிந்து தரையில் விழுந்தது. ஒரு கான்ஸ்டபிள் எடுத்து நிறுத்தினார். அவள் திட்டினது எனக்குப் பெரிசில்லை. காட்டிக் கொடுத்தது நான் என்று அவள் மனதார நம்பினாள், அதுதான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அதிகாரி நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "சரிம்மா, முதல்லேர்ந்து வருவோம். உங்க பேர், வயசு சொல்லுங்க."

ஆஸ்பத்திரி, பேங்க், எங்கே போனாலும் அவளைக் கேட்கிற கேள்விக்கு நான்தான் பதில் சொல்வேன். அந்தப் பழக்கத்தில், அத்தனை திட்டும் திட்டி முடித்த வாயோடு, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உன்னைத்தாம்மா கேக்கறாங்க" என்றேன்.