மேற்கு மூலைக் குழி

ஊர்க் கூட்டத்தில் தொல்லியல் அதிகாரி மைக்கைப் பிடித்து, "இது உங்க அகழாய்வு, தயங்காம சொல்லுங்க" என்றதும் பேச்சித்தாய் எழுந்தாள். சேரன்மகாதேவிப் பக்கத்து வயல்களில் முப்பது வருடம் நாற்று நட்டவள் அவள். இப்போது அகழாய்வுக் குழியில் மண் அள்ளுகிறாள்.

"மேற்கு மூலையில தோண்டாதீய சார். வாய்க்கால்ல தண்ணி தொறந்தா அங்கன அடியில ஊறும். குழிக்கரை பைய சரிஞ்சிரும்."

"நல்ல தகவல்மா" என்று அவர் சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாளே மேற்கு மூலையில் தோண்டுவதற்குக் கயிறு கட்டினார்கள். அவள் மேற்பார்வையாளரிடம் மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். "வரைபடம் மேல இருந்து வந்தது, நாம மாத்த முடியாது" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

ஜூன் மாதம் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மூன்றாம் நாள் காலையில் போனால் கரை சரிந்து கிடந்தது. இரண்டு வாரமாக அவள் தூரிகையால் துடைத்துத் துடைத்து வெளியே கொண்டுவந்த முதுமக்கள் தாழி, சேற்றுக்குள் நொறுங்கிக் கிடந்தது.

குழிக்கு மேலே நின்று அதிகாரி போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஊர்க்காரங்க ஒருத்தர்கூட நம்மகிட்ட சொல்லல சார்."

பேச்சித்தாய் அவரைப் பார்த்துக் கத்தினாள்.

"நான் சொன்னேம்லா! ஊர்க் கூட்டத்துல வச்சே சொன்னேன், நீங்க சிரிச்சீய!"

அவர் போனைப் பொத்திக்கொண்டார். "கொஞ்சம் இருங்கம்மா, பெரிய அதிகாரி லைன்ல இருக்கார்."

அவள் இருக்கவில்லை. முழங்கால் சேற்றில் இறங்கி ஓடுகளைத் துழாவி எடுத்தாள். ஒவ்வொன்றையும் கூடையில் வைக்கும்போது அவரை வாய்விட்டுத் திட்டினாள். அவர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.