அரசரின் குழியருகே ஒரு சம்பந்தப் பேச்சு

அன்று அந்த அரண்மனையில் நின்றவர்கள் இவர்கள்தான்: பத்மநாதன், அவர் மனைவி கலாவதி, காலமான தம்பியின் மகள் மேனுஷா, மாப்பிள்ளை ஆரணன், ஆரணனின் தகப்பன் குகதாசன். கடைசியில் வாசலுக்கு வந்த ஹம்சாவையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

மேனுஷாவின் சம்பந்தத்தைக் குடும்பத்தின் பெயர் கெடாமல் முடிப்பது பத்மநாதனின் பொறுப்பு. மாப்பிள்ளைக்கு அரண்மனையில் உத்தியோகம் என்று தரகர் சொன்னபோது, ஏற்கெனவே நிமிர்ந்த அவருடைய முதுகு இன்னும் நிமிர்ந்தது. அந்தத் தேம்ஸ் கரை அரண்மனை இப்போது தொல்பொருள் அருங்காட்சியகம் என்பதைத் தரகர் சொல்லவில்லை. அங்கே ஆரணனுக்கு என்ன வேலை என்பதையும் சொல்லவில்லை.

மண்டபத்தின் நடுவில் கண்ணாடித் தரை. அதன் கீழே செங்கல் கட்டிய ஆழமான குழி.

“இது நான் தோண்டினது, அங்கிள்,” என்றான் ஆரணன். முகமெல்லாம் பெருமை. “அரசரின்ரை கக்கூசுக் குழி.”

“என்ன குழி?”

“கக்கூசு. இதுக்குள்ளை கிடந்த அத்திப்பழ விதையளை வைச்சுத்தான் அரசர் என்ன சாப்பிட்டவர் எண்டு கண்டுபிடிச்சனாங்கள்.”

“சாப்பிட்டதைக் குசினியிலை தேடக்கூடாதோ?”

கலாவதி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்ததும் பத்மநாதனுக்கு எரிச்சல் கூடியது.

சம்பந்தம் பேசும்போது பெரியவர் கிழக்குப் பார்த்து இருக்கவேண்டும். அது அவர் வீட்டு முறை. மண்டபத்தில் உட்கார இருந்ததோ ஒரேயொரு மர வாங்கு, அதுவும் குழியைப் பார்த்தபடி. ஃபோனை எடுத்துத் திசை பார்த்தார். குழிதான் கிழக்கு.

“வெளியிலை போய்க் கதைப்பம். ஆரும் கேட்டால், எங்கடை மருமகன் கக்கூசு கிண்டுறார் எண்டு சொல்லவோ?”

“ராசாவின்ரை கக்கூசுதானே, அண்ணை,” என்றார் குகதாசன்.

“ராசாவெண்டால் மணக்காதோ?”

திரும்பிப் பார்த்தால், ஈஸ்ட் ஹாமில் எடுத்த புதுப் பட்டுச்சேலையோடு மேனுஷா கண்ணாடியில் குப்புறப் படுத்திருந்தாள். பக்கத்தில் படுத்து ஆரணன் எதையோ விரலால் காட்டிக்கொண்டிருந்தான்.

“எவ்வளவு ஆழம் எண்டு வந்து பாருங்கோ, பெரியப்பா!”

“எழும்பு, பிள்ளை! கடவுளே, எழும்பு!”

அவள் எழும்பவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் ஹம்சா வந்து நின்றாள். லூயிஷாம் சிவன் கோயிலில் ஒருவர் வீட்டுக் கதையை மற்றவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறவள். சம்பந்தப் பேச்சு முடியாத பெண் ஓர் ஆண்பிள்ளையோடு தரையில் படுத்திருந்தாள் என்று நாளைக்குக் கோயில் முழுக்கக் கதை பரவும். பேச்சு முடிந்த பெண் என்றால் யாரும் வாய் திறக்க ஏலாது.

பத்மநாதன் வாங்கில் இருந்தார். முதுகு வளையவில்லை. நேரே குழியைப் பார்த்தார்.

“குகதாசன், உங்களுக்குச் சம்மதமோ?”

“ஓம், அண்ணை.”

“பிள்ளை, உனக்கு?”

“ஓம், பெரியப்பா,” என்று தரையிலிருந்து பதில் வந்தது.

“அப்ப தையிலை கலியாணம்!” ஹம்சாவுக்குக் கேட்கும்படி உரத்துச் சொன்னார்.

மாப்பிள்ளை அரண்மனையில் கக்கூசு கழுவுகிறான் என்றும், கோபத்தில் பத்மநாதன் குழிக்குள் விழுந்துவிட்டார் என்றும் இப்போது ஒரு கதை உலவுகிறது. அது பொய். மாப்பிள்ளை கழுவுவதில்லை, தோண்டுகிறார். குழிக்கு மேலே தடித்த கண்ணாடி போட்டிருக்கிறது. அதற்குள் ஒருவரும் விழ முடியாது.