இரண்டாவது பிரேக்

அண்ணி இதற்கு முன் இரண்டு முறை ஓட்டுநர் தேர்வுக்குப் போய், இரண்டு முறையும் கோட்டை விட்டாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன தெரியும்! பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. சொல்லிக்கொடுப்பவர் அதை மிதித்தால் கார் 'பீப்' என்று கத்தும். தேர்வில் கத்தினால் கதை முடிந்தது. இரண்டு முறையும் மிதித்த புண்ணியவான், அவளுக்குச் சொல்லிக்கொடுத்த சொந்தக் கொழுந்தன்.

தங்கமான பையன்தான்; தனியாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். ஆனால் அவனுக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். பின்னால் எவனாவது ஹாரன் அடித்தால் போதும், இவனுக்குச் சுர்ரென்று ஏறிவிடும்.

இன்று மூன்றாவது முறை. அண்ணி நர்ஸ். வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் கவனிக்கும் வேலைக்கு ஆஸ்பத்திரி அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. கார் அவர்கள் தருவார்கள், லைசன்ஸ் இவளிடம் இருக்க வேண்டும். இந்த வாரம் தாண்டினால் அந்த இடம் வேறொருத்திக்கு. அந்த வேலைமேல் அவளுக்கு உயிர்.

"தைரியமா இருங்க அண்ணி" என்றான் கொழுந்தன். சொல்லும்போதே அவன் கால் பிரேக்கைத் தேடியது.

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். நீ கால மடக்கி வச்சுக்கோ."

பின் இருக்கையில் தேர்வு அதிகாரி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் நேரம். சாலையில் எள் போட இடமில்லை. வண்டிகள் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறாத குறைதான். அண்ணி நிதானமாக நகர்ந்து, சிக்னலில் நின்றாள். பச்சை விழுந்தபோது ஒரு பெரியவர் ஊன்றுகோலோடு பாதி சாலைதான் கடந்திருந்தார். அவள் அசையவில்லை.

பின்னால் ஒரு வெள்ளைக் கார் காதைக் கிழித்தது. "லேசா நகத்துங்க அண்ணி!" என்று கொழுந்தன் பல்லைக் கடித்தான். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளைக் காரிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, அவள் பக்கத்துக் கண்ணாடியைப் படபடவென்று தட்டினார்.

"ஓட்டத் தெரியலன்னா வீட்ல இருக்க வேண்டியதுதானே?"

"யார்கிட்டடா பேசுற?" என்று கொழுந்தன் அவள் பக்கம் பாய்ந்தான். பாய்ந்த வேகத்தில் காலை அழுத்தி ஊன்றினான்.

பீப்.

மூன்றாவது முறையும் அதே சத்தம். ஆனாலும் அண்ணி முதலில் கண்ணாடியை இறக்கினாள். "சார், அந்தப் பெரியவர் இன்னும் தாண்டி முடிக்கல, பாருங்க. இப்ப பின்னாடி அடிக்கிற ஹாரன் எல்லாம் எனக்கில்ல, நீங்க நடுரோட்ல விட்டுட்டு வந்த வண்டிக்கு."

ஆசாமி திரும்பிப் பார்த்தார். அசடு வழிய ஓடினார்.

"ஓரமா நிறுத்துங்கம்மா" என்றார் அதிகாரி. பேனாவை மூடியிருந்தார்.

"சார், வண்டி நின்னுக்கிட்டுதானே இருந்துச்சு? நிறுத்துனது நான். என் கால் எங்க இருக்குன்னு எட்டிப் பாருங்க."

அவர் எட்டிப் பார்த்தார். அவள் கால் பிரேக்கின் மேல் ஆணி அடித்தாற்போல் இருந்தது. அதிகாரி மறுபடி பேனாவைத் திறந்தார்.

"சரி, ஓட்டுங்க. தம்பி, நீங்க ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல வைங்க."

கொழுந்தன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பெரியவர் கடந்து முடித்தார். அண்ணி அந்த நெரிசலை ஒரு பதற்றமும் இல்லாமல் தாண்டி, கிளம்பிய இடத்திலேயே காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அதிகாரி 'பாஸ்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

கொழுந்தனின் கண் கலங்கிவிட்டது. "அந்த ரெண்டு தடவையும் பெயிலானது நீங்க இல்ல, நான்தான் அண்ணி. வேற ஸ்கூலுக்குப் போயிருந்தா எப்பவோ வாங்கியிருப்பீங்க. ஏன் திரும்பத் திரும்ப என்னையே கூட்டிட்டு வந்தீங்க?"

"வெளிய கத்துறவனை யாரு வேணா சமாளிக்கலாம்டா" என்றாள் அண்ணி. "பக்கத்துல உக்காந்து கத்துறவனை வச்சுக்கிட்டு ஓட்ட, உன்னை விட்டா எனக்கு யாரு சொல்லிக்கொடுப்பா?"