சொட்டு நின்ற குழாய்

பொறுக்க முடியாமல்தான் இதைச் சொல்கிறேன். அரியலூர் சிங்காரவேலு வீட்டில் நான் செய்த இரண்டு குழாய் வேலைகளையும் அன்றைக்கு எல்லோரும் பாராட்டினார்கள்.

முதல் வேலை ஆவணியில். கீசருக்கு அடியில் ஒரு சின்ன வால்வு இருக்கும். தண்ணீர் சூடேறினால் அது கொஞ்சம் சொட்டும். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் சொட்டுகிற இடமெல்லாம் டைல்ஸில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். புது வீட்டில் அதைப் பார்க்கச் சகிக்காமல் அவர் மனைவி அனுசுயா புலம்பினார். வால்வின் வாயில் ஒரு பித்தளை மூடியை முறுக்கி அடைத்துவிட்டேன். கம்பெனி ஆள் மாட்டேன் என்று சொன்ன வேலையாம். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

இரண்டாவது வேலை மார்கழியில். அவர்கள் மகள் கீதாஞ்சலிக்குப் பிள்ளை பிறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

"பச்ச ஒடம்பு தம்பி, சுடச்சுடத் தண்ணி விழணும். ஷவரத் தொறந்தா முக்காவாசி தொட்டிக் கொழாயிலயே கொட்டிடுது. மூடுனாலும் சொட்டிக்கிட்டே கெடக்கு" என்றார் அனுசுயா.

குளியல் தொட்டி சிங்காரவேலுவின் ஆசை. அதில் யாரும் படுத்துக் குளித்ததில்லை, அழுக்குத் துணிதான் கிடக்கும். தொட்டிக் குழாயின் தலையில் ஒரு குமிழ் உண்டு. அதை இழுத்தால் உள்ளே ஒரு தகடு வழியை மறித்துத் தண்ணீரை ஷவருக்கு ஏற்றிவிடும். சுண்ணாம்பு படிந்து அந்தத் தகடு சரியாக உட்காரவில்லை. குழாயையே கழற்றிப் புதிதாக மாட்டினேன். சுடுதண்ணீர்த் திருகின் வாஷரும் நைந்திருந்தது, அதையும் மாற்றினேன். குமிழை இழுத்தேன், ஷவரில் தண்ணீர் சடசடவென்று கொட்டியது. திருகை மூடினேன், ஒரு சொட்டு இல்லை.

"கைராசிக்காரன்" என்றார் சிங்காரவேலு. பதினோரு மணிக்கு மகள் குளிக்க வேண்டும் என்று அனுசுயா அப்போதே கீசர் சுவிட்சைப் போட்டார்.

குன்னத்தில் என் வீடு. போகிற வழியில் டீ சொல்லிவிட்டு, பையில் இருந்த பழைய குழாயை எடுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த ரப்பர் வளையம் மென்று துப்பியது போல உருகிக் கிடந்தது. குளிக்கிற சூட்டில் ரப்பர் உருகாது. கீசர் தானாக அணைய வேண்டிய சூட்டில் அணையாமல் கொதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கொதியில் ஏறும் அழுத்தம் போக வால்வில் வழி இல்லை, அதை அடைத்தவன் நான். இத்தனை நாளும் சொட்டுகிற குழாய் வழியாகத்தான் அது வெளியேறியிருக்கிறது. இன்றைக்கு அதையும் அடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மணி பத்தரை. சிங்காரவேலு, அனுசுயா இருவருக்கும் போன் போட்டேன். குழந்தை தூங்குகிறது என்று சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள் போல, யாரும் எடுக்கவில்லை. வண்டியைத் திருப்பினேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக முன்னால் போயின. ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே முந்தினேன்.

சிங்காரவேலு வீட்டுக்குள் போனதும் கரண்ட் மெயினை இழுத்து அணைத்தேன்.

"என்னப்பா பண்ற?" என்று சிங்காரவேலு எழுந்தார்.

"கீதாஞ்சலி பாப்பா எங்கண்ணே?"

"இப்பதான் குளிக்கப் போனா."

பிள்ளை பெற்றவள் இருக்கும் பக்கம் வெளி ஆண்கள் போவதில்லை. நான் ஓடினேன். பாத்ரூமுக்குள் இருந்து அடுப்பில் விசில் வரப்போகிற குக்கர் மாதிரி ஓர் இரைச்சல்.

"பாப்பா, கொழாயத் தொடாத! அப்படியே வெளிய வந்துடு!"

தலையெல்லாம் எண்ணெயோடு, சேலையைச் சுற்றிக்கொண்டு கீதாஞ்சலி வந்தாள். அனுசுயா குழந்தையைத் தூக்கிக்கொள்ள, நால்வரும் தெருவுக்கு வந்தோம். குழந்தை அழத் தொடங்கியபோது கீசர் வெடித்தது. பாத்ரூம் சுவர் பிளந்து ஆவி வெளியே வந்தது. தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

சிங்காரவேலு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சாமியா வந்தப்பா நீ."

வாயை மூடிக்கொண்டிருந்தால் சாமியாகவே போயிருக்கலாம். முடியவில்லை.

"நாந்தாண்ணே காரணம். அந்த வால்வ அடைச்சிருக்கவே கூடாது."

அவர் கைகள் விலகின. அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். அனுசுயாதான் பேசினார்.

"எங்க வூட்டுல மட்டுந்தான் அடைச்சியா?"

"இல்லீங்க்கா" என்றேன். அரியலூரில் இருந்து உடையார்பாளையம் வரை, கேட்டவர்களுக்கெல்லாம் அடைத்துக் கொடுத்திருக்கிறேன். எத்தனை வீடு என்று எனக்கே தெரியாது.

"நிக்கிறியே, போன் போடு. மொதல்ல எந்த வூட்டுல அடைச்ச?"

"எங்க வூட்டுலதாங்க்கா."

என் மனைவி ஜோதியின் எண்ணை அழுத்தினேன். இந்த நேரத்தில்தான் அவள் எங்கள் பிள்ளைக்குச் சுடுதண்ணீர் ஊற்றுவாள். எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.